கம்பி போட்ட பாய்மரம்

வளையாதது எல்லாம் பலமானது என்று அறுபத்தொரு வயது வரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை நடுக்கடலில் கவிழ்ந்தபோது நானும் அதோடு கவிழ்ந்தேன். (நடுக்கடல் என்றால், கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்.) என் வீட்டுக்காரர் சூசையும் கவிழ்ந்தார். அவர் பேரில் தப்பு ஒன்றே ஒன்றுதான்: சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவில்லை. “நீ முடிக்க விட்டாத்தானே?” என்று என் மகள் ஜெனிட்டா கேட்பாள். பெற்ற பிள்ளைகள் அப்படித்தான், தாய்க்கு எதிராகச் சாட்சி சொல்ல எப்போதும் தயார்.

ஏழு வருஷம் ஆகிறது. ஊரில் ஆளுக்கொரு விதமாய்ச் சொல்லித் திரிகிறார்கள். நடந்தபடி நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் அந்தோணியார் கோயில் திருவிழாவில் எட்டாம் திருநாள் காலையில் வள்ளப் போட்டி உண்டு. மற்ற நாளெல்லாம் எஞ்சின் வைத்து ஓடுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுப் பாய் கட்டுவார்கள். ஒரு வள்ளத்துக்கு இரண்டு ஆள். கடலில் கொடி கட்டிய ஒரு மிதவை போட்டிருக்கும். அதைச் சுற்றிவிட்டுக் கரைக்கு முதலில் வருகிறவர்களுக்கு வெற்றி. பரிசு என்று குடமோ அண்டாவோ கிடையாது. பத்தாம் திருநாள் அந்தோணியார் சொரூபம் கடலில் பவனி போவது, ஜெயித்த வள்ளத்தில். அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்தோணியார் எங்கள் வள்ளத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. என் நாத்தனார் பிலோமினா வீட்டு வள்ளத்தில் தொடர்ந்து மூன்று வருஷம் ஏறிவிட்டார். பிலோமினா என் வீட்டுக்காரருக்குத் தங்கை. அவள் வீட்டுக்காரர் அல்போன்ஸ்தான் வள்ளத்தை ஓட்டுவார். அவள் கரையில் நின்று வாயை ஓட்டுவாள்.

மூன்றாம் வருஷம் நாங்கள் தோற்று வந்தபோது அவள் சொன்ன சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். காற்று வந்தபோது எங்கள் மூங்கில் பாய்மரம் தூண்டில் கம்பு மாதிரி வளைந்ததைக் கரையில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவள் என்னிடம் வந்து, பாவப்பட்ட முகத்தோடு கேட்டாள்:

“மயினி, உங்க பாய்மரத்துக்கு என்ன பக்தி பாத்தியளா! சாமியக் கண்ட உடனே முழங்கால் போட்டுட்டு!”

சுற்றி நின்ற மீன்காரப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். பங்குச்சாமியார்கூடத் திரும்பி நின்று இருமினார். (அது இருமல் இல்லை.)

அந்தச் சிரிப்பு ஒரு வருஷம் முழுக்க என் காதில் இருந்தது. மீன் ஏலத்தில் நிற்கும்போதும் கேட்டது, பூசையில் நிற்கும்போதும் கேட்டது. அடுத்த திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஏலக்கூடத்தில் அத்தனை பேர் முன்னிலையில் அறிவித்துவிட்டேன்: “இந்த வருசம் எங்க மரம் வளையாது. வளைஞ்சா என் பேரு லூர்தம்மா இல்ல!”

அறிவித்ததோடு நின்றேனா? கோட்டாற்றுக்குப் போய் ஊதா வெல்வெட்டுத் துணியும் தங்க ஜரிகையும் எடுத்து வந்தேன். அந்தோணியார் எங்கள் வள்ளத்தில் ஏறும்போது அவர் தலைக்கு மேல் கட்ட ஒரு மேற்கட்டி தைக்க ஆரம்பித்தேன். போட்டி இன்னும் நடக்கவில்லை. மரம் இன்னும் சரியாகவில்லை. மேற்கட்டிக்கு ஜரிகை மட்டும் இரண்டு வரிசை ஓடிவிட்டது.

சூசை அப்போது கொச்சியில் விசைப்படகு வேலைக்குப் போயிருந்தார். போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

“மரத்த நான் பலப்படுத்தப் போறேன். இனி வளையாது.”

“ஏட்டி, மரம் வளையுறது என்னத்துக்குன்னா...”

“வளையுறது என்னத்துக்குன்னு எனக்குத் தெரியும். சத்து இல்லாம வளையுது. நீங்க திருவிழாவுக்கு வந்து சேருங்க, போதும்.”

“அதில்லட்டி, பாயில...”

போனை வைத்துவிட்டேன். இந்த மனிதர் ஒரு சொல் சொல்லி, மூச்சு வாங்கி, கடலைப் பார்த்து, அடுத்த சொல்லைத் தேடி எடுப்பதற்குள் நான் குழம்பு வைத்து இறக்கிவிடுவேன். யாருக்கு நேரம் இருக்கிறது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் எங்கள் வீட்டை நின்று கட்டினது நான். சூசை கடலில் கிடந்த நாட்களில் கல், மணல், கம்பி எல்லாம் நான் பார்த்து வாங்கி, நான் பார்த்து இறக்கினேன். தூணுக்குள் எத்தனை கம்பி போகிறது, வளையம் எத்தனை விரல் இடைவெளியில் கட்டுவது, கலவைக்கு எத்தனை சட்டி மணல், எல்லாம் எனக்குத் தெரியும். கடற்கரையில் உப்புக்காற்றில் எங்கள் வீட்டுத் தூண்கள் ஒரு நூல்கூட அசையவில்லை. பாய்மரம் என்பது என்ன? வள்ளத்தில் நிற்கிற தூண். தூண் வளைகிறதா? அப்படியென்றால் உள்ளே கம்பி இல்லை.

இந்தப் பெரிய உண்மை என் தலையில் உதித்தபோது நான் சாளை மீனுக்குச் செதில் தட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைப் போட்டுவிட்டு, வீடு கட்டித்தந்த கொத்தனாரை வரச்சொன்னேன்.

கொத்தனார் செல்லத்துரை தோவாளைப் பக்கத்து ஆள். நெற்றியில் வெள்ளை நாமம், கையில் எப்போதும் ஒரு பொட்டலம் பிச்சிப்பூ. எங்கள் அந்தோணியாருக்கும் கொண்டுவந்து வைப்பார். தங்கமான மனிதர். வள்ளத்தை அவர் பார்த்ததெல்லாம் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும்போதுதான். மூங்கில் மரத்தை நாலு தடவை சுற்றி வந்து தலையைச் சொறிந்தார்.

“யக்கா, மூங்கிலுக்குள்ள கான்கிரீட்டா?”

“ஏன், போகாதா?”

“போகும். ஆனா கடல் சங்கதி எனக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க.”

“கடல் சங்கதிய நான் பாத்துக்கிடுதேன். நீரு தூண் சங்கதியப் பாரும்.”

இதில் சிக்கல் எங்கே என்றால், நானும் வள்ளத்தில் ஏறியதே இல்லை. அவருக்குக் கடல் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும் என்று நம்பினார். எனக்கும் எனக்குத் தெரியும் என்றுதான் நம்பிக்கை.

வேலையைச் சும்மா சொல்லக்கூடாது, அழகாகச் செய்தார். நீளக் கம்பியால் குத்தி மூங்கிலின் கணுக்களை உள்ளே உடைத்தார். மூன்று கம்பிகளைச் சேர்த்து, சாண் இடைவெளியில் கட்டுக்கம்பியால் கட்டி, உள்ளே இறக்கினார். மரத்தை வீட்டுச் சுவரில் சாய்த்து நிறுத்தி, ஏணியில் ஏறி, புனல் வைத்துக் கலவையை ஊற்றினார். கீழே நான் மரச்சுத்தியலால் மூங்கிலைத் தட்டித் தட்டிக் கலவையை இறங்க வைத்தேன். முடிந்ததும் அவர் சொன்னார்:

“ஏழு நாளு சாக்கு சுத்தித் தண்ணி விடணும் யக்கா. சிமென்டுன்னா நனையணும்.”

விட்டேன். காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். பாய்மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்த பொம்பளை இந்தக் கடற்கரையில் நான் ஒருத்திதான் இருப்பேன். மூன்றாம் நாள் பிலோமினா வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

“என்ன மயினி, மரம் தளிர்க்குதா?”

“தளிர்க்கும், பூக்கும். அந்தப் பூவ அந்தோணியாருக்குச் சாத்துவேன். நீ போய் ஒன் வள்ளத்தத் தொடச்சு வை.”

எட்டாம் நாள் சாக்கை அவிழ்த்து, இரண்டு ஸ்டூலின் மேல் மரத்தைக் கிடத்தி, நடுவில் கொத்தனாரை உட்காரச் சொன்னேன். வளையவில்லை. ஜெனிட்டாவை உட்காரச் சொன்னேன். வளையவில்லை. நானும் உட்கார்ந்தேன். ஸ்டூல் கிரீச்சிட்டது. மரம் அசையவில்லை. மூன்று பேரும் பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி அதன்மேல் வரிசையாய் உட்கார்ந்து காப்பி குடித்தோம். அதற்கு நீல பெயின்ட் அடித்து, உச்சியில் ஒரு சிலுவையும் வரைந்தேன். கனமாயிற்றே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கனம் இருந்தால்தானே மதிப்பு என்று சமாதானமும் உடனே தோன்றிவிட்டது.

எட்டாம் திருநாள் காலை. கடற்கரை முழுக்கக் கூட்டம், பேண்டு வாத்தியம், வேட்டு. பாய்மரத்தை வீட்டிலிருந்து கரைக்குக் கொண்டுவர நாலு பேர் வேண்டியிருந்தது. போன வருஷம் அதைச் சூசை ஒற்றைத் தோளில் கொண்டுவந்தார்.

“எக்கா, இது பாய்மரமா, கரண்டுக் கம்பமா?” என்று ஒருத்தன் மூச்சிரைக்கக் கேட்டான்.

“பேசாம நட மக்கா, பலம்னா அப்படித்தான் இருக்கும்.”

சூசை அப்போதுதான் கொச்சியிலிருந்து வந்து சேர்ந்தார், தோளில் பையோடு நேரே கரைக்கு. வள்ளத்தில் மரத்தை நட்டு முடித்திருந்தார்கள். அருகில் போய் விரல் மடக்கித் தட்டினார். மூங்கில் என்றால் உள்ளே பொள்ளலாய் ஒரு சத்தம் வரும். இது கருங்கல்லில் தட்டின மாதிரி சத்தமே இல்லாமல் நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

“ஏட்டி, உள்ள என்ன?”

“பலம்,” என்றேன்.

“ஏட்டி, வளையாத மரம் காத்த...”

“பேண்டு அடிச்சாச்சு. ஊரே பாக்குது. ஏறுங்க.”

ஏறினார். மாற்று மரம் கிடையாது. நான் ஏலக்கூடத்தில் அறிவித்ததை எதிரே நின்ற அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். முப்பத்தெட்டு வருஷமாய் என்னோடு வாழ்ந்த மனிதருக்குக் கடல் பரவாயில்லை என்று தோன்றியிருக்கும்.

அவரோடு எப்போதும் போகிறவன் என் கொழுந்தன் ரேமண்ட். அவன் ஏறுவதற்கு முன்னால் வள்ளத்தை ஒரு கையால் மெல்ல ஆட்டிப் பார்த்தான். வள்ளம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, அங்கேயே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மனசில்லாமல் நிமிர்ந்தது.

“மயினி, எனக்கு வயிறு சரியில்ல.”

“எட்டு இட்லி தின்னப்போ சரியா இருந்துதே?”

“அதான் மயினி சரியில்ல,” என்றவன் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டான்.

இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் வள்ளம் போட்டியில் இல்லை. பிலோமினா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. என் தலைக்குள் ஏதோ ஒன்று எரிந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகினேன்.

“நான் வாறேன்.”

விழாக் கமிட்டி செயலாளர் ஓடிவந்தார். “அம்மா, பொம்பளைங்க இதுவரைக்கும்...”

“நோட்டீசுல என்ன போட்டிருக்கு? வாசியும்.”

அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டீசை எடுத்து வாசித்தார். ‘வள்ளத்துக்கு இரண்டு ஆள்’ என்றுதான் இருந்தது. ஆணா பெண்ணா என்று எழுத அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. (அடுத்த வருஷத்து நோட்டீசில் எழுதிவிட்டார்கள்.) ஒரு ஆரஞ்சு மிதவைச் சட்டையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். என் அளவுக்கு அது எட்டவில்லை. கயிறு போட்டு முடிந்துவைத்தார்கள்.

வேட்டு வெடித்தது. கரைக்காற்று முதுகில் வந்து தள்ள, வள்ளங்கள் புறப்பட்டன. சொன்னால் நம்பமாட்டீர்கள், நாங்கள்தான் முதலில் போனோம்! பின்னாலிருந்து நேராய் வருகிற காற்று எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. மரம் ஒரு நூல் வளையவில்லை. அல்போன்சின் வள்ளத்தைத் தாண்டும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“அல்போன்சு! நாளக்கழிச்சு சாமியத் தூக்கி எங்க வள்ளத்துல வைக்க நீயும் வந்துரு, கேட்டியா!”

திரும்பிப் பார்த்தேன். சூசை துடுப்பைப் பிடித்தபடி கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்தோணியாருக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சாகக் கிடக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மந்திரம் அது.

மிதவையைச் சுற்றித் திரும்பினோம். இப்போது காற்று பக்கவாட்டில். பின்னால் வந்த வள்ளங்களின் மரமெல்லாம் ஒரு பெருங்காற்றுக்கு ஒன்றாய் வளைந்து ஒன்றாய் நிமிர்ந்தன. எங்கள் மரம் மட்டும் வளையவில்லை. நான் என் பேரைப் பணயம் வைத்து அறிவித்தபடியே, உள்ளதைச் சொன்னால் அதைவிட நன்றாகவே, விறைப்பாய் நின்றது. மரம் வளையாததால் வள்ளம் வளைந்தது. வள்ளம் மெதுவாய், மிகவும் மெதுவாய்ப் படுத்தது. உச்சியின் கனம் அதை எழும்பவிடவில்லை. மரத்தைத் தாங்கின குறுக்குப் பலகை படாரென்று பிளந்தது. நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

மிதவைச் சட்டை காதுவரை ஏறி, என்னை ஒரு பூசணிக்காய் மாதிரி மேலே கொண்டுவந்தது. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டேன். சூசை மறுபக்கம் பிடித்திருந்தார். பலகையிலிருந்து கழன்ற மரம், பாயையும் கயிற்றையும் உதறிவிட்டு, எங்கள் கண்முன்னே நேராய்க் கீழே இறங்கியது. மூழ்கும்போதும் அது வளையவில்லை.

அல்போன்ஸ் எங்களைத் தாண்டிப் போனார்.

“மச்சான், பிடிச்சிக்கிட்டு இரும்! ஜெயிச்சிட்டு வாறேன்!”

ஜெயித்துவிட்டு வந்தார்.

கமிட்டியின் எஞ்சின் வள்ளம் எங்களை நோக்கி ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு எங்கேயும் போகிற வேலை இல்லை. வாயில் உப்புத்தண்ணீர், பேச முடியவில்லை. கல்யாணம் ஆகி முதல் தடவையாகச் சூசைக்கு முழு நேரமும் கிடைத்தது. நிதானமாக ஆரம்பித்தார்.

“ஏட்டி, மரம் வளையுறது சத்தில்லாம இல்ல. காத்து வந்து இடிக்கும்போ மரம் கொஞ்சம் சாஞ்சு குடுக்கணும். அப்போ மேல் பாயி காத்த வெளிய விட்டுரும். வள்ளம் தப்பிச்சிரும். வெறப்பா நின்னா அந்த அடி அத்தனையும் வள்ளத்துக்குத்தான். அதுலயும் உச்சில கனம் இருந்தா பின்ன நிமிராது.”

நான் துப்பிவிட்டு, “இத முன்னமே சொல்லுததுக்கு என்ன?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஓர் அலை வந்து போனது. அப்புறம் சொன்னார்:

“போன வருசம் நாம தோத்தது மரத்தால இல்ல. பாயில ரெண்டு கிழிசல். பாய மாத்தணும்னுதான் போன்ல சொல்ல வந்தேன்.”

வீட்டுப் பீரோவுக்குள் ஊதா வெல்வெட்டு மேற்கட்டி மடித்து வைத்திருந்தது. அதைத் தைத்த நாட்களில் நான் ஒரு நல்ல பாய் தைத்திருக்கலாம். அந்த நேரம் கடல் என்னை விழுங்கியிருந்தால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கமாட்டேன்.

மறுநாள் பிலோமினா வந்தாள். சிரிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று கதவைப் பாதி சாத்தினேன். அவள் சிரிக்கவில்லை.

“மயினி, தச்சது வீணாப் போகாண்டாம். அந்த மேற்கட்டியத் தாங்க. எங்க வள்ளத்துல கட்டுதோம்.”

உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தேன். நாலு மூலைக்கும் கம்பு வேண்டுமே, அதையும் தருகிறேன் என்றேன். அவள் மேற்கட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

“துணி மட்டும் போதும் மயினி. கம்பு எங்க கம்பா இருக்கட்டும்.”

பத்தாம் திருநாள் அந்தோணியார் அவர்கள் வள்ளத்தில்தான் போனார். கரையில் நின்று பார்த்தேன். வெயிலில் ஜரிகை மின்னியது. “யாரு தச்சது, நல்லாருக்கே?” என்று பக்கத்தூர்க்காரி ஒருத்தி கேட்டாள். “எங்க மயினி!” என்று பிலோமினா கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அதற்காக அவள் பாவத்தில் பாதியை மன்னித்தேன். மீதிப் பாதி அந்த முழங்கால் பேச்சுக்கு, அது அப்படியே இருக்கிறது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்தோணியார் தொலைந்த பொருளை மீட்டுத் தருவதில் கெட்டிக்காரர் என்பது ஊருக்கே தெரியும். தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும் என்று நினைக்கிறவர்களிடமும் அவர் கேட்பதில்லை. அடுத்த வாரம் அல்போன்சின் வலையில் ஏதோ பெரிதாகச் சிக்கியது. வலை கிழிய இழுத்துப் பார்த்தால், நீல பெயின்ட், உச்சியில் சிலுவை. நாலு பேர் தோளில் வைத்து, அல்போன்ஸ் முன்னால் நடக்க, பிலோமினா பாட்டுப் பாட, ஊர்வலமாக என் வாசலுக்கே கொண்டுவந்து இறக்கினார்கள்.

செல்லத்துரைக் கொத்தனார் பார்க்க வந்தார். தட்டினார், தடவினார். “ஒரு கீறல் இல்லயே யக்கா!” என்று பெருமைப்பட்டார். வேறு என்ன செய்வது? புழக்கடையில் குழி தோண்டி நட்டு, துணி காயப்போடக் கயிறு கட்டினோம். அதற்குப் பிறகு ஒரு பெரும்புயல் வந்தது. தெருவில் கரண்டுக் கம்பம் வளைந்தது. தென்னை மடங்கியது. பிலோமினா வீட்டு டிவி ஆன்டெனா மாதா சொரூபத்தை நோக்கிக் கும்பிட்டு விழுந்தது. எங்கள் பாய்மரம் அசையவில்லை. கட்டின கயிறும் அப்படியே, கயிற்றில் சூசையின் கைலியும் அப்படியே. ஆனால் துணிக்கயிறு கட்டுகிற கம்பு வளையாமல் நின்றதற்கு எந்த ஊரில் சாமியை அனுப்பி வைக்கிறார்கள்?

இப்போது எங்கள் வீட்டில் யாராவது யார் பேச்சையாவது வெட்டினால் போதும், பேரப்பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்: “கம்பி போடாத!”

போன வாரம் ஜெனிட்டா மாடியில் ஒரு அறை கட்டலாமா என்று கேட்டாள். சுவர் எங்கே, ஜன்னல் எங்கே, தூண் எத்தனை என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். சூசை மெதுவாக, “ஏட்டி, அந்த மாடியில...” என்றார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியும்...”

சூசை கையை மட்டும் நீட்டி ஜன்னல் வழியாகப் புழக்கடையைக் காட்டினார். நீலக் கம்பு வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிறுத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டேன்.

“சரி, சொல்லுங்க. நான் வாயத் தொறக்கல. முழுசாச் சொல்லி முடியுங்க.”

அவர் மூச்சு வாங்கினார். கடலைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது.

“மறந்து போச்சு,” என்றார்.